கடல்கோள் கதைகள்: சொற்பொருளும் சமூகப்பொருளும்

பண்டைய நூல்களிற் காணப்படும் பெருவெள்ளக் கதைகளை நடந்த நிகழ்ச்சிகளாகவே கொள்ளல் வேண்டுமா என்ற வினா, 2004 டிசெம்பர் 26இன் பின் வன்னிப் பெருநிலப்பரப்பிலே வெறும் ஏட்டு வினாவாக இருக்கவில்லை. முல்லைத்தீவுக் கரையோரத்தில் ஆயிரக்கணக்கானோரைக் கடல் கொண்ட அந்நாளின் பின், ‘கடற்கோள்’ என்னும் பழஞ்சொல் மீண்டும் வழக்குக்கு வந்தது. சொல்லோடு அதனைச் சார்ந்த கதைகளும் வந்தன. குமரிக்கண்டம் மெய்யென்பதற்கு இதுவே சான்று என்றனர் ஒரு சாரார். தெய்வம் தந்த தண்டனை என்றனர் வேறொரு சாரார். பழங்கதைகள் யாவும் கட்டுக்கதைகளே என ஒதுக்கினர் மற்றுமொரு சாரார். இம்மூன்றும் ‘அது நடந்ததா?’ என்ற கேள்வியோடு நின்றுவிடுகின்றன. ‘அக்கதை யாருக்கு எதனைப் பெற்றுக்கொடுத்தது?’ என்ற கேள்வியே அடிப்படையானது என நாம் கருதுகிறோம்.

முதலில் நூற்சான்றுகளை நோக்குவோம். சிலப்பதிகாரம் பஃறுளியாற்றையும் பன்மலை அடுக்கத்தையும் குமரிக்கோட்டையும் கடல் கொண்டதாகச் சுருங்கக் கூறுகிறது. அந்நூலுக்கு உரையெழுதிய அடியார்க்குநல்லார், பஃறுளிக்கும் குமரிக்கும் இடைப்பட்ட நிலம் எழுநூற்றுக் காவதம் என்றும், அதில் 49 நாடுகள் இருந்தன என்றும் விரிக்கிறார். 1864இல் ஸ்கிளேற்றர் என்ற விலங்கியலறிஞர், மடகஸ்காரிலும் இந்தியாவிலும் காணப்பட்ட விலங்கின ஒற்றுமையை விளக்க ‘லெமூரியா’ என்ற நிலப்பரப்பைக் கற்பித்தார். பிற்காலத் தமிழறிஞர் சிலர் அதனை உரையாசிரியரின் நாடுகளோடு இணைத்தபோது கண்டம் ஒன்று பிறந்தது. காலம் செல்லச் செல்லச் சான்று பெருகவில்லை. கடல் கொண்ட நிலமே பெருகிற்று.

இறையனார் களவியலுரை தரும் ஆண்டுக் கணக்கும் நோக்கத்தக்கது. முச்சங்கங்களும் முறையே 4440, 3700, 1850 ஆண்டுகள் நிலவின என்கிறது அவ்வுரை. இவை மூன்றும் 37இன் மடங்குகள். 120, 100, 50 எனச் சீராக இறங்குவன. வரலாறு இத்துணை ஒழுங்காக நடப்பதில்லை. இவ்வெண்கள் கணக்கிட்டு அமைக்கப்பட்டவை என்பது தெளிவு.

வடமொழி மரபிலும் இந்நிலையே. சதபத பிராமணத்தில் மீனால் காக்கப்பட்ட மனு வடமலையிற் கப்பலைக் கட்டுகிறான். பாகவத புராணத்தில் அதே கதையின் தலைவன் திராவிட நாட்டு மன்னன் சத்தியவிரதன். மீன் தோன்றுவது கிருதமாலை ஆற்றில். சொல்லுக்குச் சொல் நம்புவோர் இவ்விரண்டில் ஒன்றைக் கைவிடாமல் மற்றதை ஏற்றல் இயலாது.

இனி நிலவியல் கூறுவதைப் பார்ப்போம். ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன் கடல்மட்டம் இன்றுள்ளதிலும் 120 மீற்றர் அளவு தாழ்ந்திருந்தது. இலங்கையும் இந்தியாவும் நிலத்தால் இணைந்திருந்தன. அந்நிலத்தைக் கடல் கொண்டது மெய். ஆனால் அது பல ஆயிரம் ஆண்டுகளில் மெல்ல நிகழ்ந்தது. அக்காலத்தில் முடிமன்னரும் இல்லை, புலவர் அவையும் இல்லை. 1960களில் நிலைபெற்ற புவித்தட்டுக் கொள்கை, மூழ்கிய கண்டத்துக்கான தேவையையே இல்லாமற் செய்துவிட்டது. ஊர் நகரத்தில் 1929இல் லியொனார்ட் வூலி கண்ட வண்டற்படையும் உலகப் பிரளயத்தின் சான்றாக நிலைக்கவில்லை. மெசொப்பொத்தேமியாவின் வேறு நகரங்களிற் கிடைத்த படைகள் வேறு காலங்களுக்குரியவை. அவை தனித்தனி ஆற்றுவெள்ளங்களின் தடங்களாகும்.

எனவே, கதைகளை நேர்ப்பொருளிற் கொள்ளல் இயலாது. எனினும் அவற்றை வெறும் பொய்யெனத் தள்ளுவதும் ஆய்வாகாது. கலித்தொகையின் முல்லைக்கலியில், தன் நிலத்தைக் கடல் கொள்ள, அதற்கு ஈடாகச் சோழ, சேர நிலங்களைக் கைப்பற்றிய பாண்டியன் புகழப்படுகிறான். அங்கே கடல்கோள் படையெடுப்புக்கு நியாயமாகிறது. மகாவம்சத்தின் 22ஆம் அத்தியாயத்தில், களனி மன்னன் தீசன் குற்றமற்ற தேரர் ஒருவரைக் கொல்வித்தமையாற் கடல் பொங்குகிறது. கடலில் விடப்பட்ட அவன் மகள் உருகுணையிற் கரைசேர்ந்து, காக்கவண்ணதீசனை மணந்து, துட்டகைமுனுவின் தாயாகிறாள். அங்கே வெள்ளம் அரசமரபொன்றின் பிறப்புரிமைப் பத்திரமாகிறது. களவியலுரையிலோ அது தமிழ்க் கல்வி மரபுக்குத் தெய்வத் தொன்மையை அளிக்கிறது. வெள்ளம் வடிந்தபின் நிலமும் அரசும் நூலும் யாருக்குரியன என்பதே இக்கதைகளின் உட்பொருள். கடலோடு போன எளியோரின் பெயர்கள் அவற்றில் இடம்பெறுவதில்லை.

பொதுமக்களின் வழிபாட்டு மரபு இவ்வகையில் ஏட்டு மரபிலிருந்து வேறுபடுகிறது. வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயிலின் வைகாசிப் பொங்கலையொட்டி, முல்லைத்தீவுக் கடலில் எடுக்கப்படும் நீரில் விளக்கெரிக்கும் வழக்கம் உண்டு. அதனைப் பக்தியோடு காணும் மக்கள் வீட்டு விளக்குக்கு எண்ணெயே வாங்குகின்றனர். சடங்கின் மெய்யும் நடைமுறையின் மெய்யும் வேறென்பதை அவர்கள் அறிவர். எல்லாவற்றையும் ஒரே அளவுகோலால் அளக்கும் பழக்கம் படித்தோரிடையேதான் மிகுதி. பகுத்தறிவின் பெயரால் மக்களின் மரபை ஏளனஞ் செய்யும் முற்போக்காளர் சிலரும் இதற்கு விலக்கல்லர்.

நேர்ப்பொருள் வாசிப்பின் தீங்கு 2004இல் வெளிப்பட்டது. சுமாத்திராவுக்கு அப்பாற் கடலடியில் நேர்ந்த நிலநடுக்கத்தின் அலை இலங்கையின் கீழைக்கரையை அடைய ஏறத்தாழ இரண்டு மணித்தியாலம் சென்றது. பசிபிக் சமுத்திரத்தில் 1965 முதல் நாடுகளிடையிலான எச்சரிக்கை ஒழுங்கு இருந்தது. இந்து சமுத்திரத்தில் அன்று இல்லை. ஆகவே மடிந்தோர் மடிந்தது பாவத்தினால் அன்று, எச்சரிக்கை இன்மையால். அவர்களுட் பெரும்பாலோர் கரையையே வாழ்வாகக் கொண்ட மீனவக் குடும்பத்தினர். ‘தண்டனை’ என்ற சொல் இறந்தோரைக் குற்றவாளிகளாக்கி, பொறுப்புடையோரை விடுவித்துவிடுகிறது. வெள்ளத்தின் பின் நிலம் யாருக்கு என்ற பழைய வினாவும் உடன் எழுந்தது. தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றர், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றர் என அரசு அறிவித்த, பின்னர் தளர்த்திய, கரையோரத் தடைவலயத்தால் முதலிற் கலங்கியோர் மீனவரே.

கடலின்றியும் இப்பாடம் விளங்கும். 1902இல் தொடங்கி 1920இல் நிறைவெய்திய இரணைமடுக் குளம் 2018 டிசெம்பரிற் பெருமழையால் நிரம்பியது. கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் ஊர்களும் வயல்களும் நீரில் அமிழ்ந்தன. வான்கதவுகள் உரிய வேளையில் திறக்கப்பட்டனவா என்ற கேள்வி அப்போது எழுந்தது. அதனை ஊழ்வினை என்று கொண்டிருந்தால் அக்கேள்வியே எழுந்திராது.

கடல்கோள் கதைகளை நம் மாணவர் படித்தல் வேண்டும்; நிலப்படமாக அன்று, அவற்றை ஆக்கிய சமூகங்களின் அச்சத்தையும் அதிகார வேட்கையையும் காட்டும் ஆவணங்களாக. கடல் கொண்டது எவ்வளவு நிலம் என்பதை நிலவியல் அளந்து சொல்லும். கடல் கொண்டதன் பேரால் கொண்டவர் யாவர், இழந்தவர் யாவர் என்பதைச் சொல்லவேண்டியது இலக்கிய ஆய்வின் கடமையாகும்.