பூங்குழலியின் துடுப்பு

சரித்திர நவீனங்களைப் படித்தல் வீண் பொழுதுபோக்கென்று இகழ்வாருளர். பொழுதுபோக்கேயாயினும் குற்றமென்ன? பகல் முழுதும் செக்ரோல் எழுதிக் களைத்தவனுக்குக் கோடிக்கரைக் கடலிற் படகு செலுத்தும் ஒரு பெண்ணின் துணை பெரிதேயாகும். ஆயினும் இன்புற்ற நூலையும் ஆராய்தல் நம் கடன்.

கல்கியின் கதாநாயகியர் அரசர்க்கும் அஞ்சாது பேசுவர். அதுபற்றியே தோட்டத்திலும் பட்டணத்திலும் நம் சகோதரிகள் அவர்களைப் போற்றினர். எனினும், அவ்வஞ்சாமை எதனை ஊன்றி நிற்கிறது?

சிவகாமியைக் காண்க. தன்னை மீட்க மாறுவேடம் பூண்டு வந்த மாமல்லரோடு செல்லவும் அவள் மறுக்கிறாள். வாதாபி எரிந்தாலன்றி வெளிவரேன் என்கிறாள். கேட்போர் மெய் சிலிர்க்கும்! ஆனால் எரிக்க வேண்டியது பிறர் படை. காத்திருப்பது அவள் பங்கு. படை வெல்கிறது, அதற்குள் மாமல்லருக்கு மனைவி மக்கள் அமைந்துவிட்டனர். ஈடற்ற ஆடற்கலை கைவந்தவளுக்கு ஆசிரியர் காட்டும் வழி யாது? ஏகாம்பரநாதருக்குத் தன்னை ஒப்புவித்துத் திருமாங்கல்யம் பூணுதல்! முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் முதலியோர் போராடியதன் பயனாக, பெண்களுக்குப் பொட்டுக்கட்டும் வழக்கத்தைச் சென்னை மாகாணம் 1947-ல் சட்டமியற்றித் தடுத்தது. அதே பத்தாண்டில் வெளிவந்த இக்கதையோ அவ்வழக்கத்திற்குக் கண்ணீரால் அழகு செய்கிறது. நாமும் அழுதோம், ஆயினும் உடன்பட்டோமில்லை.

1950 முதல் 1954 வரை வெளிவந்த 'பொன்னியின் செல்வ'னில் குந்தவையின் நிலை வேறு. சோழநாட்டை விட்டுப் போகும் திருமணம் வேண்டாமென்கிறாள், அச்சொல் செல்லுபடியாகிறது. கற்பனையென்று தள்ளற்க. தஞ்சைப் பெரிய கோயிலுக்குத் தான் கொடுத்தவற்றையும், அடுத்துத் தன் அக்கன் கொடுத்தவற்றையும், அதன்பின் மனைவியர் கொடுத்தவற்றையும் கல்லில் வெட்டப் பணித்தான் இராஜராஜன். பொன்னும் பொருளும் தன் கையிலிருந்து கொடுத்தவள் அவள். பொருளுடையாள் சொல் அம்பலமேறும்.

இதனைக் காணத் தஞ்சைக்குச் செல்லவும் வேண்டா. எம் ரெம்பாவில், அடாட் பெர்பாத்தே முறைப்படி, மலாய்க் குடிகளின் பரம்பரை நிலம் தாயிடமிருந்து மகளுக்கே செல்வது. வேலிக்கு இப்பால் நம் பாட்டிமார் இருள் பிரியுமுன் பெரட்டுக்கு நின்று, பால்மரம் வெட்டிக் கூலி பெற்றனர். அக்கூலி எவர் மடியில் முடிந்ததென்பது வேறு கதை.

ஆகவே, எம் மனத்திற்கு உகந்தவள் பூங்குழலியே. அவளுக்குப் பொன்னில்லை, குலப்பெருமையில்லை, துடுப்பிருக்கிறது. இலங்கைக்கு வந்தியத்தேவனை ஏற்றிச் செல்பவளும், புயலில் இளவரசனையே மீட்பவளும் அவள். அத்தகையாளைக் கதை முடிவில் சோழ அரியணையில் அமர்த்தி, அதனைப் பரிசென்கிறார் ஆசிரியர். ஸ்காட் 1819-ல் வெளியிட்ட 'ஐவன்ஹோ'வில் வரும் ரெபெக்காள் காதலனைப் பெறவில்லை. தான் கற்ற மருத்துவத்தோடு கடல் கடந்து, பிணியாளர்க்குத் தொண்டாற்றச் செல்கிறாள். கைத்தொழிலை அவளிடமே விட்டுவைத்தார் ஸ்காட். பூங்குழலியின் படகைப் பின்னர் எவர் செலுத்தினரென்று கல்கி எழுதவில்லை.