கொல்லிமலையும் புலவர் நாவும்

ஒரு புலவரது பெருமையை அளந்தறிய விழைவார், அவர் பாடிய செய்யுளின் சொல்லழகையும் பொருளழகையும் மாத்திரம் நோக்கி அமைதல் சாலாது. அவர் யாரைப் பாடினார், எத்தகைய உள்ளத்தோடு பாடினார், பாடப்பட்டான் அப்பாட்டிற்கு உரியவன்தானா என்பனவும் ஆராயற்பாலன. இவ்வாராய்ச்சிக்குக் கொல்லிமலை சாலச் சிறந்ததோர் இடமாகும். சங்கச் சான்றோர் நாவிலும், தேவார முதலிகள் திருவாக்கிலும், பிற்காலத்துச் சதகத்திலும் ஒருங்கே பயின்ற மலை அது. இந்நாளில் நாமக்கல் மாவட்டத்தைச் சார்ந்தது.

சைவருட் சிலர் ஒரு தடை நிகழ்த்துவர். “மக்களைப் பாடுதல் நரத்துதியாம், இறைவனைப் பாடவேண்டிய நாவால் மனிதனைப் பாடுதல் நாவிற்கு இழுக்கு. ஆகலின் ஓரியைப் பாடிய புறப்பாட்டும், மதவேளின் பெயரைப் பாட்டுத்தோறும் தாங்கிய அறப்பளீசுர சதகமும் சைவச் சிறார் பயிலத்தக்கன அல்ல” என்பது அவர் கூற்று. இத்தடை எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. இதனை ஏற்பின் நம் இலக்கியத்திற் பெரும்பகுதியை இழக்க நேரும்; ஏலாதொழியின் பொருளுக்காகப் பொய்யுரைத்தாரையும் புலவரென ஏற்க நேரும். ஆதலின் மலையைப் பாடிய நூல்களையே முதற்கண் நோக்குவாம்.

கடையெழு வள்ளல்களுள் ஒருவனாகிய வல்வில் ஓரி, கொல்லிக்குத் தலைவன். அவனை வன்பரணர் பாடிய பாட்டுக்கள் புறநானூற்றின் 152, 153 ஆம் எண்களில் உள்ளன. முன்னைய பாட்டிலே வேட்டுவன் ஒருவன் எய்த அம்பு ஒன்றே யானையை வீழ்த்தி, புலியையும் மானையும் பன்றியையும் ஊடுருவி, புற்றிலிருந்த உடும்பிற் சென்று தங்குகின்றது. காட்டு வழியே போந்த புலவர், அவன் தோற்றத்தை நோக்கி, இவன் கூலிக்கு வேட்டையாடுவான் அல்லன், ஓரிதானோ என ஐயுறுகின்றார். விறலியை விளித்துத் தாம் பாடி, பாட்டின் இறுதியில் அவன் பெயர் தோன்ற விளிக்கின்றார். அது கேட்ட ஓரி யாது செய்தான்? மகிழ்ந்து நிமிர்ந்தான் அல்லன், நாணித் தலைகவிழ்ந்தான். மேலும் புகழப் புகுந்தாரைப் புகழவும் விடாது, தான் கொன்ற மானின் இறைச்சியையும் தன் மலையிற் பிறந்த பொன்னையும் மணியையும் அக்காட்டிடையே நல்கினான்.

இங்கே உய்த்துணர வேண்டுவது ஒன்றுண்டு. வில்லாண்மையைக் கூறப் புகுந்த பாட்டு, நாணுடைமையைக் கூறி முடிகின்றது. ஐந்து விலங்குகளை ஊடுருவிய அம்பினும் தன் பெயர் கேட்டு நாணிய அந்நாணமே புலவர் உள்ளத்தை ஊடுருவியது என்க. புகழை வேண்டாதானைப் புகழ்தல் முகமன் ஆகாது. அது சான்று கூறுதலேயாம். பின்னைய பாட்டோ வேறொரு நுட்பம் உடையது. ஓரியின் கொடையை நிரம்பப் பெற்ற கூத்தர் சுற்றம் ஆடலையும் பாடலையும் மறந்தது என்கின்றார் புலவர். வள்ளன்மைக்கு இதனினும் உயர்ந்த பாராட்டு வேண்டா. ஆயினும் வளம் மிகுந்துழிக் கலை உறங்கும் என்னும் உண்மையும் அதனுள் மறைந்து கிடக்கின்றது. அதனைப் பாடிய புலவர் மாத்திரம் பாடலை மறந்திலர் என்பது கருதத்தக்கது.

ஓரி பின்னர்த் திருமுடிக்காரியாற் கொல்லப்பட்டான். காரி அவனைக் கொன்று கொல்லியைச் சேரர்க்கு அளித்த செய்தியைக் கல்லாடனார் அகநானூற்று 209 ஆம் பாட்டிற் குறித்தார். ஓரியைக் கொன்ற காரி அவனது தெருவிற் புகுந்தபொழுது எழுந்த ஆரவாரத்தைக் கபிலர் நற்றிணையில் உவமையாக்கினார். அக்கபிலரே புறநானூற்றிற் காரியின் கொடையைப் பாராட்டியவர். பாராட்டிய நா, அவன் பகைவனது ஊர் கலங்கியதை மறைத்திலது. பரிசிற்கு விலைபோன நா இங்ஙனம் கூறுமோ?

அற்றேல், சுந்தரமூர்த்தி நாயனார் திருப்புகலூர்ப் பதிகத்திற் புலவரை விளித்து, மனிதரைப் பாடுதல் ஒழிமின், புகலூரைப் பாடுமின் என்றது என்னையெனின், அத்திருவாக்கைக் கூர்ந்து நோக்குக. வலியில்லாதானை வீமனென்றும் விசயனென்றும், கொடாதானைப் பாரியென்றும் கூறும் பொய்ம்மையையே நாயனார் விலக்கியருளினார். பாரி ஓரியோடு ஒருங்கு எண்ணப்படும் வள்ளல். அவன் பெயரைக் கொடைக்கு அளவுகோலாகத் திருப்பதிகத்துள் எடுத்தாண்டமையால், மெய்யான வள்ளலை மெய்யாகப் பாடிய சான்றோர் செய்யுள் நாயனாரால் இகழப்பட்டதன்று என்பது பெறப்படும். விலக்கப்பட்டது பொய்ப்புகழே, மெய்ப்புகழ் அன்று. ஆயினும் இம்மையிற் சோறும் கூறையும் தந்து மறுமையிற் சிவலோகமும் அளிக்க வல்லான் இறைவன் ஒருவனே யாகலின், பாட்டின் முடிந்த பயன் அவன்பாலதே என்பது நாயனார் துணிபு.

இத்துணிபைக் கொல்லித் தலைவன் ஒருவன் வரலாறே விளக்குகின்றது. கொல்லிமழவன் தன் மகள் முயலகன் என்னும் நோயால் வருந்தக் கண்டு, திருப்பாச்சிலாச்சிராமத்துத் திருக்கோயிலில் அவளைக் கிடத்தி, அங்கு எழுந்தருளிய திருஞானசம்பந்தர் திருவடியில் வீழ்ந்து இரந்தனன். பிள்ளையார் பதிகம் பாட நோய் நீங்கிற்று என்பர் சேக்கிழார். புலவர்க்குப் பொன் வழங்கியவன் ஒரு கொல்லித் தலைவன். பாட்டொன்றிற்காக இரந்து நின்றவன் மற்றொரு கொல்லித் தலைவன். பொன்னும் மணியும் செய்யமாட்டாத ஒன்றை அருட்பாட்டுச் செய்யும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

இனி, அறப்பளீசுர சதகத்திற்கு வருவாம். கொல்லிமேல் ஐயாற்றங்கரையில் அறம்வளர்த்த நாயகியோடு இறைவன் எழுந்தருளியுள்ள அறப்பள்ளி, தேவார வைப்புத்தலங்களுள் ஒன்று. அப்பெருமானை முன்னிலையாக்கி நூறு பாட்டாற் சதகம் இயற்றியவர் அம்பலவாணக் கவிராயர். இராம நாடகம் செய்த அருணாசலக் கவிராயரின் (1711–1779) புதல்வர் இவர் என்பர். பாட்டுத்தோறும் தம்மை ஆதரித்த மதவேளின் பெயரை இவர் அமைத்தார். அமைத்த முறைதான் என்னை? மதவேள் கொடுத்தான் என்றிலர், வென்றான் என்றிலர். நாடோறும் மனத்தில் இறைவனை நினைப்பவன் என்றே கூறினர். பாட்டு விளிப்பது தேவனை. வள்ளல் அத்தேவனுக்கு அடியவனாகிய அளவிலே பாட்டினுள் இடம் பெறுகின்றான். உதவினாரை மறவாத நன்றியும் இறைவனையே பாடும் கடப்பாடும் ஒருங்கே நிறைவேறின. நரத்துதி என்னும் பழிக்கு இதனினும் நேரிய விடை பிற்கால நூல்களிற் காண்டல் அரிது.

எனினும் குணம் நாடுவார் குற்றமும் நாடல் வேண்டும். இல்லறம், நன்மக்கள், நல்லாசிரியர் இயல்பு என்றின்னவற்றை உலகறியச் சொல்லிய இந்நூல், சகுனத்தையும் நாட்பொருத்தத்தையும் அவ்வறங்களோடு ஒப்ப வைத்து உரைக்கின்றது. திருமறைக்காட்டினின்றும் மதுரைக்குப் புறப்பட்ட பிள்ளையாரைக் கோள்நிலை தீதென்று அப்பரடிகள் தடுத்தபொழுது, அடியார்க்கு நாளும் கோளும் நல்லனவே என்று அருளியதன்றோ கோளறு பதிகம்? அதனைப் பாராயணம் செய்யும் மாணவன், புத்தாடை உடுத்தற்குக் கிழமை பார்க்கும் பாட்டையும் அதற்குச் சமமாக மனனம் செய்தல் பொருந்தாது. மேலும், சதகத்தில் மலையின் பெயர் நூறு முறை ஒலிப்பினும் மலைக்காட்சி விரிந்திலது. வன்பரணர் காட்டிய காடும் விலங்கும் பொன்னும் மணியும் ஆண்டு இல்லை. அறிவுரை பெருகியவழிக் காட்சி சுருங்கிற்று.

ஆகலின் ஆசிரியர் செயற்பாலது இது: சதகத்தை விலக்குதல் அன்று, அறம் கூறும் பாட்டுக்களை அழுத்தமாகவும், சகுனம் கூறுவனவற்றை அக்காலத்து வழக்கமென விளக்கியும் பயிற்றுதலே. அதனோடு வன்பரணர் பாட்டையும் புகலூர்ப் பதிகத்தையும் அடுத்தடுத்து வைத்து ஓதுவிப்பின், யாரைப் பாடலாம், எதுவரை பாடலாம் என்பது மாணவர்க்குத் தானே விளங்கும். ஆடித் திங்களில் ஓரிக்கு அரசினர் விழா எடுக்கின்றனர்; செம்மேட்டில் அவனுக்குச் சிலையும் உண்டு. தன் பெயர் கேட்டு நாணியவன் அவன். அந்நாணத்தை அறிந்து போற்றுதலே அவனுக்கு எடுக்கும் மெய்யான விழா. அவன் மலைமேல் அமர்ந்த அறப்பளீசுரரை நினைந்து பாடுதலே நாவிற்கு முடிந்த பயன்.

திருச்சிற்றம்பலம்.