ஓநாய் உறையும் இடம்

யூபிசாஃப்ட் நிறுவனம் 2018-ஆம் ஆண்டில் வெளியிட்ட 'அசாசின்ஸ் கிரீட் ஒடிசி' என்னும் கணினி விளையாட்டு, கி.மு. 5-ஆம் நூற்றாண்டுக் கிரேக்கத்தைக் கண்முன் நிறுத்துகிறது. ஆர்ட்டெமிஸ் தேவதையின் பெயரால் எட்டு விலங்குகளை வேட்டையாடும் பகுதியொன்று அதில் உண்டு. அவற்றுள் ஒன்று லைக்கயோன் என்னும் ஓநாய். அதன் உறைவிடத்தைத் தேடிக் கண்டு, அதனைக் கொன்று, தோலைக் கொணர்ந்து ஒப்படைத்தால் பணி முடிந்தது. மலையும் காடும் அழகுறத் தீட்டப்பட்டுள்ளன என்பதை நாம் மறுப்பதற்கில்லை.

ஆயினும் அப்பெயருக்குரிய கதையை அறிந்தோர்க்கு ஒரு குறை புலப்படும். லைக்கயோன் விலங்காய்ப் பிறந்தவன் அல்லன். ஆர்க்கேடியா நாட்டு மன்னன். உரோமைக் கவிஞர் ஓவிட், தம் 'உருமாற்றங்கள்' நூலின் முதற்பகுதியில் அவன் வரலாற்றைச் சொல்கிறார். தன் இல்லம் வந்த விருந்தினர் கடவுள்தாமா எனச் சோதிக்க, பிணையாயிருந்த ஒருவனைக் கொன்று, அவன் ஊனைச் சமைத்துப் படைத்தான். விருந்தினரையும் உறக்கத்தில் கொல்லத் திட்டமிட்டிருந்தான். தண்டனையாக ஓநாயானான். உருமாறிய பின்னும் நரைத்த மயிரும் கொடிய பார்வையும் அவனிடம் மாறவில்லை. ஓநாய் முன்பே அவனுள் உறைந்திருந்தது என்பதன்றோ கதையின் உட்பொருள்!

எலவனாசூர்கோட்டைப் பகுதியில் வாழும் நமக்கு இக்கதை, அருகிலுள்ள திருக்கோவலூரை ஆண்ட மெய்ப்பொருள் நாயனாரை நினைவூட்டுகிறது. பகைவன் முத்தநாதன் அடியார் வேடம் பூண்டு, சுவடிக்கட்டினுள் படைக்கலத்தை மறைத்து வந்து மன்னரைக் குத்தினான் எனப் பெரியபுராணத்தில் சேக்கிழார் பாடுகிறார். வீழ்ந்த மன்னரோ, வாளோங்கிய காவலன் தத்தனைத் தடுத்து, குத்தியவனை இடையூறின்றி ஊரைக் கடத்திவிடப் பணித்தார். அங்கே விருந்தளித்தவன் ஓநாயானான். இங்கே ஓநாயே விருந்தாக வந்தும் மன்னர் மனிதராகவே நின்றார்.

விளையாட்டை ஆக்கியோர் மன்னனின் குற்றத்தை விட்டுவிட்டு, ஓநாயின் தோலை மட்டும் எடுத்துக்கொண்டனர். இதனால் இழந்தது சிறிதன்று. தீமை எங்கோ மலைச்சரிவில் பதுங்கியிருக்கிறது, அம்பெய்து அதனை ஒழித்துவிடலாம் என்னும் எண்ணம் நமக்கு இதமானது. அதில் நம்மைப் பற்றிய கேள்வியே எழுவதில்லை. பழங்கதையோ ஓநாயின் உறைவிடத்தை உணவு பரிமாறும் கூடத்திலேயே காட்டியது.

இளைஞர் விளையாடட்டும், நாம் தடுக்கவில்லை. விளையாடி முடித்தபின் அவர்க்கு லைக்கயோனின் முழுக்கதையையும், கூடவே நம் மெய்ப்பொருளாரின் கதையையும் சொல்வோம். வாயிலில் அயலார் ஒருவர் வந்து நிற்கும்போது, கதவைத் திறப்பவர் இவ்விரு மன்னருள் எவர் என்பதை அவர்களே எண்ணிப் பார்க்கட்டும். நாமும் எண்ணிப் பார்ப்போம்.