இருட்டடிப்பும் செய்தி அறமும்: ஜாக்சன் நகர டபிள்யூ.எல்.பி.டி. தொலைக்காட்சி நிலைய வழக்கை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

உள்ளூர்த் தொலைக்காட்சிச் செய்தியின் தரத்தை, ஒளிபரப்பானவற்றைக் கொண்டே மதிப்பிடுவது பெருவழக்கு. ஒளிபரப்பாமல் விடப்பட்டவையும் தரத்தின் அளவுகோலுக்குள் அடங்க வேண்டும் என்பது இக்கட்டுரையின் கருத்தாகும். அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத் தலைநகரான ஜாக்சனில் இயங்கிய டபிள்யூ.எல்.பி.டி. நிலையத்தின் மீது 1955 முதல் எழுந்த முறையீடுகளும், 1969இல் அதன் உரிமத்தைப் பறித்த வழக்கும் இதற்குச் சான்றாக எடுத்துக்கொள்ளப்படுகின்றன. அவ்வழக்கைப் பற்றிய இரண்டு ஆய்வு நூல்களின் நோக்குகளும் ஒப்பிட்டுத் திறனாயப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: உள்ளூர்த் தொலைக்காட்சி, செய்தி அறம், இருட்டடிப்பு, ஒளிபரப்பு உரிமம், பார்வையாளர் உரிமை

முன்னுரை

தமிழ் இதழியலில் ‘இருட்டடிப்பு’ என்றொரு சொல் வழங்குகிறது. செய்தி தெரிந்திருந்தும், அதை வெளியிடும் வாய்ப்பு இருந்தும், வேண்டுமென்றே வெளியிடாமல் விடுவதை அது குறிக்கும். பொய்ச்செய்தி வேறு, இருட்டடிப்பு வேறு. பொய்ச்செய்திக்குச் சான்று அச்சிலோ திரையிலோ கிடைத்துவிடும். இருட்டடிப்புக்கு அத்தகைய சான்று எதுவும் எஞ்சுவதில்லை. உண்மை, துல்லியம், நடுநிலை, விரைவு என இதழியல் பாடநூல்கள் செய்தியின் இலக்கணமாகக் கூறுபவை யாவும் வெளிவந்த செய்தியின் பண்புகளே. வெளிவராத செய்தியை அவற்றால் அளக்க இயலாது.

இக்குறைபாடு உள்ளூர்த் தொலைக்காட்சியில் மேலும் கடுமையாகிறது. தேசிய அளவில் ஓர் ஊடகம் விட்டதை மற்றொன்று எடுத்துரைக்கக்கூடும். இரண்டே நிலையங்கள் உள்ள ஒரு நகரில் அவ்விரண்டும் கண்டுகொள்ளாத நிகழ்வு, திரையைப் பொறுத்தவரை நிகழாததாகிவிடுகிறது. 1960களின் ஜாக்சன் அத்தகைய நகரம். அங்கு வாழ்ந்த மக்கள் இருட்டடிப்பை எவ்வாறு சான்றாக்கினர், அச்சான்று சட்டத்தின் முன் எவ்வாறு நின்றது என்பவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

நிலையமும் நகரமும்

டபிள்யூ.எல்.பி.டி. நிலையம் 1953 டிசம்பரில் ஒளிபரப்பைத் தொடங்கியது. லாமர் ஆயுள் காப்பீட்டு நிறுவனத்தின் துணை நிறுவனம் அதன் உரிமையாளர். என்.பி.சி. என்னும் தேசிய வலையமைப்பின் நிகழ்ச்சிகளை அது மறு ஒளிபரப்புச் செய்தது. உள்ளூர்ச் செய்தியைத் தானே தயாரித்தது. அதன் பொது மேலாளர் ஃபிரெட் பியர்ட், இனப்பிரிவினையைக் காக்க அமைக்கப்பட்ட வெள்ளையர் குடிமக்கள் மன்றத்தின் உறுப்பினர். நிலையத்தின் முதன்மை ஒளிபரப்பு எல்லைக்குள் வாழ்ந்தோரில் ஏறத்தாழ 45 விழுக்காட்டினர் கறுப்பின மக்கள்.

அமெரிக்காவில் வானலை தனியார் உடைமையன்று. 1934ஆம் ஆண்டின் தகவல்தொடர்புச் சட்டப்படி, பொதுநலனுக்கு உதவும் எனக் கண்டால் மட்டுமே கூட்டாட்சித் தகவல்தொடர்பு ஆணையம் உரிமம் வழங்கும். அக்காலத்தில் உரிமம் மூன்றாண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்பட்டது. சர்ச்சைக்குரிய பொதுப் பிரச்சினைகளில் மாறுபட்ட கருத்துகளுக்கும் நிலையம் இடமளிக்க வேண்டும் என்னும் நியாயக் கோட்பாடு 1949 முதல் நடைமுறையில் இருந்தது. ஆகவே இருட்டடிப்பைத் தடுக்கும் விதி ஏட்டில் இருந்தது. அதை எடுத்துக்காட்டி வாதிடும் உரிமை யாருக்கு என்பதே தெளிவாகாதிருந்தது.

இருட்டடிப்பின் வடிவங்கள்

நிலையத்தின் மீதான முறையீடுகளைத் தொகுத்து நோக்கினால் மூன்று வடிவங்கள் புலப்படுகின்றன. முதலாவது, வந்ததை மறைத்தல். 1955இல் கறுப்பின உரிமை அமைப்பின் தலைமை வழக்கறிஞர் தோன்றிய வலையமைப்பு நிகழ்ச்சி ஜாக்சனில் துண்டிக்கப்பட்டது. கம்பிவடக் கோளாற்றுக்கு வருந்துவதாகத் திரையில் அறிவிப்பு மட்டும் தோன்றியது. இது திட்டமிட்ட செயல் என அவ்வமைப்பு ஆணையத்திடம் முறையிட்டது. தணிக்கை இங்குத் தொழில்நுட்பப் பழுதின் உருவத்தில் வருகிறது. பார்ப்பவருக்குத் தாம் எதை இழந்தோம் என்பதும் தெரியாது. இழக்கச் செய்தவர் யார் என்பதும் தெரியாது.

இரண்டாவது, ஒரு தரப்பை மட்டும் பேசவிடுதல். 1957இல் இனப்பிரிவினையைத் தொடர வலியுறுத்தும் நிகழ்ச்சியை ஒளிபரப்பிய நிலையம், எதிர்க்கருத்துக்கு நேரம் தர மறுத்தது என்பது அடுத்த முறையீடு. 1962இல் மிசிசிப்பிப் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் மெரிடித் என்னும் கறுப்பின மாணவர் சேர்ந்தபோதும் இதே குற்றச்சாட்டு எழுந்தது. 1963 மே மாதம் நகர மேயரின் தொலைக்காட்சி உரைக்கு மறுமொழி கூற, கறுப்பின உரிமைத் தலைவர் மெட்கர் எவர்ஸுக்கு நீண்ட கோரிக்கைக்குப் பின் 17 நிமிடங்கள் கிடைத்தன. ஆப்பிரிக்காவின் புதிய விடுதலை நாடுகளைப் பற்றி இங்குள்ள கறுப்பின உழைப்பாளி தொலைக்காட்சியால் அறிகிறார். காங்கோவில் ஒரு கறுப்பர் தொடர்வண்டி இயந்திரத்தை ஓட்டலாம், ஜாக்சனிலோ அவர் குப்பை வண்டியைக்கூட ஓட்ட முடியாது எனும் பொருள்பட அவர் பேசினார். தொலைவிலுள்ளதைக் காட்டும் திரை, அருகிலுள்ளதன் அநீதியை உணர்த்திவிடுகிறது என்பது அவ்வுரையின் உட்கிடை. அடுத்த மாதம் 12ஆம் நாள் அவர் சுட்டுக்கொல்லப்பட்டார். உள்ளூர்த் திரையில் முகம் காட்டுவதற்கு அந்நகரில் இருந்த விலையை இதனோடு சேர்த்தே எண்ண வேண்டும்.

மூன்றாவது, காட்டும்போதே குறைத்துக் காட்டுதல். கறுப்பின மக்களைக் குறிப்பிடுகையில் பெயருக்கு முன் மரியாதை அடைமொழி தவிர்க்கப்பட்டது என்பது குற்றச்சாட்டுகளுள் ஒன்று. ‘அவர்’ என்பதற்கும் ‘அவன்’ என்பதற்கும் இடையே உள்ள தொலைவை அறிந்த தமிழ் வாசகருக்கு இதன் கனம் விளக்க வேண்டியதன்று. கூறப்பட்ட செய்தி முழுதும் உண்மையாகவே இருந்தாலும், அதன் இலக்கணமே ஒரு மக்கள் பகுதியைச் சமூகத்துக்கு வெளியே நிறுத்திவிட முடியும்.

ஒரு வாரக் குறிப்பேடு

இல்லாததை மெய்ப்பிப்பது எவ்வாறு என்னும் வினாவுக்கு விடை கண்டவர் எவரெட் பார்க்கர். ஐக்கிய கிறிஸ்து திருச்சபையின் தகவல்தொடர்பு அலுவலகத்துக்குத் தலைமை வகித்த அவர், ஜாக்சனில் தன்னார்வலர்களுக்குப் பயிற்சி அளித்தார். 1964 மார்ச் 1 முதல் 7 வரை நிலையத்தின் ஒளிபரப்பை அவர்கள் பார்த்துப் பதிவு செய்தனர். பழிவாங்கலுக்கு அஞ்சி அவர்களுடைய பெயர்கள் மறைக்கப்பட்டன. அக்குறிப்புகளின் அடிப்படையில் 1964 ஏப்ரலில் உரிமப் புதுப்பிப்பை எதிர்த்து மனு அளிக்கப்பட்டது. கறுப்பினத் தலைவர்களான ஆரன் ஹென்றியும் ராபர்ட் எல்.டி. ஸ்மித்தும் மனுதாரர்களாயினர்.

முறையியல் நோக்கில் இக்குறிப்பேடு சிறப்பிடம் பெறத்தக்கது. தனித்தனி முறையீடு ஒவ்வொன்றையும் விதிவிலக்கு என நிலையம் தள்ளிவிட முடிந்தது. தொடர்ச்சியான ஒரு வாரத்தின் நிரல், விடுபடுதலை ஒரு பாங்காகக் காட்டியது. ஏறத்தாழ பாதி மக்கள் வாழும் எல்லையில் அவர்களது வாழ்வு திரையில் பெற்ற இடம் எவ்வளவு என எண்ணிப் பார்க்க முடிந்ததும், மௌனம் அளவிடக்கூடிய பொருளாயிற்று. எனினும் ஒரு வாரம் என்பது சிறு மாதிரியே. ஆண்டுக்கணக்கான நடத்தைக்கு அதுவே முழுச் சான்றாகாது. முன்னைய முறையீடுகளோடு இணைத்துப் பார்க்கும்போதுதான் அது வலுப்பெறுகிறது.

மற்றொரு சான்றையும் இங்கு ஒப்பிடலாம். அந்நிலையம் 1954 முதல் 1971 வரை எடுத்த செய்திப் படச்சுருள்கள் மிசிசிப்பி மாநில ஆவணக்காப்பகத்தில் உள்ளன. படம்பிடிக்கப்பட்டது அனைத்தும் ஒளிபரப்பானதாகாது. படச்சுருளை மட்டும் காணும் ஆய்வாளர், பார்வையாளர் கண்டதைவிட விரிவான ஒரு நிலையத்தைக் கற்பித்துக்கொள்ள நேரலாம். நிலையம் சேமித்தது ஓர் ஆவணம். பார்வையாளர் குறித்துவைத்தது வேறோர் ஆவணம். செய்தி அறத்தை மதிப்பிடப் பின்னதே நெருங்கிய சான்று.

இரண்டு தீர்ப்புகள்

மனுதாரர்களுக்கு வழக்காடும் தகுதி இல்லை என 1965இல் ஆணையம் முடிவு செய்தது. அதே வேளையில், விசாரணையின்றி ஓராண்டுக்கு மட்டும் நிபந்தனைகளுடன் உரிமத்தைப் புதுப்பித்தது. இம்முடிவில் உள்ள முரண் வெளிப்படை. நிலையத்தின் நடத்தை ஐயத்துக்கு இடமற்றதாயின் நிபந்தனை தேவையில்லை. ஐயத்துக்கு உரியதாயின் விசாரணை தேவை. 1966இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் சார்பில் நீதிபதி வாரன் பர்கர் எழுதிய தீர்ப்பு இம்முடிவைத் தள்ளியது. அலைவரிசைக் குறுக்கீட்டாலோ பொருள் இழப்பாலோ பாதிக்கப்பட்டோர்க்கே அதுவரை அத்தகுதி ஏற்கப்பட்டிருந்தது. பார்ப்போரின் நலனை ஆணையம் மட்டுமே முழுமையாகக் காத்துவிட முடியாது என்ற அத்தீர்ப்பு, பொறுப்புள்ள பார்வையாளர் பிரதிநிதிகளுக்கு அத்தகுதியை அளித்தது.

பின் நடந்த விசாரணையில் மனுதாரர்கள் மீதே மெய்ப்பிக்கும் சுமை ஏற்றப்பட்டது. 1968இல் ஆணையம் மீண்டும் மூன்றாண்டு உரிமம் அளித்தது. 1969 ஜூனில், அமெரிக்கத் தலைமை நீதிபதியாகப் பதவியேற்கச் சில நாள்களே இருந்த நிலையில், பர்கர் அவ்வுரிமத்தை நீக்கித் தீர்ப்பளித்தார். 1971இல் இலாப நோக்கற்ற அமைப்பு ஒன்று இடைக்காலமாக நிலையத்தை ஏற்றது. 1972இல் வில்லியம் டில்டே பொது மேலாளரானார். அமெரிக்கத் தொலைக்காட்சி நிலையம் ஒன்றில் அப்பதவியை வகித்த முதல் கறுப்பினத்தவராக அவர் அறியப்படுகிறார்.

இரண்டு நூல்கள், இரண்டு நோக்குகள்

கே மில்ஸ் எழுதிய ‘சேஞ்சிங் சேனல்ஸ்’, ஸ்டீவன் கிளாசன் எழுதிய ‘வாட்சிங் ஜிம் குரோ’ ஆகிய இரண்டும் 2004இல் வெளிவந்தன. மில்ஸின் நூல் இதழாளரின் நடையில் வழக்கை ஒரு வெற்றி வரலாறாக எழுதுகிறது. வழக்குக்குப் பின் நிலையம் மாறிய விதத்தைத் தொடர்ந்து காட்டுவது அதன் வலிமை. கிளாசனின் நூல் வாய்மொழி வரலாறுகளைத் திரட்டி, சட்டப் பதிவேட்டுக்குள் அடங்காத மக்கள் எதிர்ப்பை மீட்கிறது. பிரிக்கப்பட்ட அரங்கில் தோன்ற மறுத்து ‘பொனான்ஸா’ தொடரின் நடிகர்கள் 1964இல் ஜாக்சன் பயணத்தைக் கைவிட்டது போன்ற நிகழ்வுகள், போராட்டம் நீதிமன்றத்துக்கு வெளியேயும் நடந்ததைக் காட்டுகின்றன. எது சான்று என வரையறுக்கும் அதிகாரமே ஒரு வகை இருட்டடிப்பாகலாம் என்பது அவர் நூலிலிருந்து பெறத்தக்க கருத்து. இவ்விரு நோக்குகளுள் கிளாசனுடையதே ஆழமானது. ஆயினும், சட்டம் திறந்த வழியின்றி மக்கள் நினைவு மட்டும் உரிமத்தை அசைத்திருக்காது என்பதை மில்ஸின் நூல் நினைவூட்டுகிறது.

அளவுகோலும் அதன் எல்லையும்

உரிமத்தைப் பறிக்கும் அதிகாரம் கருத்துரிமைக்கு அச்சுறுத்தலாகாதா என்னும் மறுப்பு வலுவானது. ஆட்சியாளர் தமக்கு ஒவ்வாத நிலையத்தை இதே காரணம் கூறி மூட முடியும். ஜாக்சன் வழக்கை அதிலிருந்து வேறுபடுத்துவது முறையீட்டின் தோற்றுவாய். ஆணையம் இருமுறை நிலையத்தின் பக்கம் நின்றது; எதிர்த்துக் கேட்டவர்கள் பார்வையாளர்கள். அவர்கள் கேட்டதும் ஒரு செய்தியை நிறுத்தும்படி அன்று, விடுபட்ட செய்தியைச் சேர்க்கும்படியே.

இந்தியச் சூழலில் இவ்வேறுபாடு தெளிவாகப் பொருந்துகிறது. 1994ஆம் ஆண்டின் கம்பிவடத் தொலைக்காட்சி விதிகளில் உள்ள நிகழ்ச்சி நெறித்தொகுப்பு, எவற்றை ஒளிபரப்பலாகாது என்று பட்டியலிடுகிறது. 2021இல் திருத்தப்பட்ட விதிகள் பார்வையாளர் முறையீட்டுக்கு மூன்றடுக்கு அமைப்பை வகுத்தன. அம்முறையீடும் ஒளிபரப்பானது நெறியை மீறியதா என்பதைப் பற்றியதே. தம் ஊரின் ஒரு தெரு ஆண்டு முழுவதும் செய்தியில் இடம்பெறவில்லை எனக் கூற அதில் இடமில்லை.

அமெரிக்காவிலும் அவ்வழி குறுகிவிட்டது. தொலைக்காட்சி உரிமக் காலம் 1981இல் ஐந்தாண்டாகவும் 1996இல் எட்டாண்டாகவும் நீட்டிக்கப்பட்டது. நியாயக் கோட்பாடு 1987இல் கைவிடப்பட்டது. பார்வையாளரின் வழக்காடும் தகுதி எஞ்சியபோதும், அவர்கள் எடுத்துக்காட்ட வேண்டிய கடமை மெலிந்தது.

முடிவுரை

ஜாக்சன் வழக்கிலிருந்து மூன்று முடிவுகளைப் பெறலாம். உள்ளூர்ச் செய்தியின் தரம், அந்நிலையத்தின் எல்லைக்குள் வாழ்வோர் யாவர், அவர்களுள் திரையில் இடம்பெறுவோர் யாவர் என்னும் ஒப்பீட்டில் தொடங்க வேண்டும். அவ்வொப்பீட்டுக்கு நிலையத்தின் சேமிப்பைவிடப் பார்வையாளரின் தொடர்ச்சியான குறிப்பே நம்பத்தக்க கருவி. அக்குறிப்பை முன்வைத்துக் கேட்கும் உரிமை பார்வையாளருக்கு இல்லாதவரை, செய்தி அறம் நிலையத்தாரின் மனச்சான்றை மட்டுமே நம்பியிருக்கும். மாவட்டக் கம்பிவடச் செய்தி அலைவரிசைகளைப் பற்றிய தமிழ் ஆய்வுகள் இத்தகைய ஒரு வாரக் குறிப்பேட்டிலிருந்து தொடங்கலாம். அதற்குத் தேவைப்படுவது ஒரு தொலைக்காட்சிப் பெட்டியும், முறை வைத்துப் பார்க்கும் சிலரும், அந்த ஊரில் அந்த வாரம் உண்மையில் என்ன நடந்தது என்பதைப் பற்றிய அறிவும்தான்.