வீடும் விடுதலையும்: இல்லத்தில் இசை ஆக்கும் கலைஞர் பற்றிய ஒரு நோக்கு

தமிழில் 'வீடு' என்னும் சொல் இல்லத்தையும் குறிக்கும், விடுதலையையும் குறிக்கும். இசைத்துறையில் கடந்த அரை நூற்றாண்டாக இவ்விரு பொருள்களும் ஒன்றாகவே கருதப்பட்டு வந்துள்ளன. நிறுவனத்தின் தயவை நாடாது, தன் இல்லத்திலேயே இசையை ஆக்கிப் பதிவுசெய்யும் கலைஞன் விடுதலை பெற்ற கலைஞன் என்பது பரவலான நம்பிக்கை. இந்நம்பிக்கை எவ்வளவு தூரம் உண்மையானது என்பது ஆராயப்பட வேண்டிய வினாவாகும்.

கவிஞனுக்குத் தாளும் எழுதுகோலும் போதும். இருபதாம் நூற்றாண்டின் பாடகனுக்கோ, தன் குரல் நிலைபெறுவதற்கு ஒலிப்பதிவுக் கலையகம் வேண்டியிருந்தது. அக்கலையகம் அவனுடையதன்று. அதன் நேரம் மணிக்கணக்கில் விலைக்கு விற்கப்பட்டது. பதிவுச் செலவை இசைத்தட்டு நிறுவனம் முற்பணமாகக் கொடுத்துப் பின்னர் பாடகனின் பங்கிலிருந்து கழித்துக்கொள்வது வழக்கமாக இருந்தது. எனவே பாடகன் கலையகத்தினுள் கடனாளியாகவே நுழைந்தான். அங்கு அவன் விடும் பிழைக்கு விலையுண்டு. தயங்கி நிற்கும் மௌனத்திற்கும் விலையுண்டு. இப்பின்னணியில் நோக்கும்போது, வீட்டு ஒலிப்பதிவின் தோற்றம் தொழினுட்ப வளர்ச்சியின் ஒரு செய்தி மாத்திரமன்று. கலைஞனுக்கும் அவனது உற்பத்திச் சாதனத்துக்குமிடையிலான உறவில் நேர்ந்த மாற்றமுமாகும்.

1979இல் ரீயக் நிறுவனம் 'போட்டாஸ்ரூடியோ 144' என்னும் கருவியைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. சாதாரண கசற் நாடாவில் பக்கத்திற்கு இரண்டாக நான்கு தடங்கள் உள்ளன. அந்நான்கையும் ஒரே திசையில் பயன்படுத்துவதே இக்கருவியின் உத்தி. குரலை ஒரு தடத்திலும் கிற்றாரை இன்னொன்றிலும் பதிந்து, அவற்றைக் கேட்டபடியே எஞ்சிய தடங்களில் வேறு இசையைச் சேர்க்கலாம். மேசைமீது வைக்கத்தக்க இக்கருவி, கலையகத்தின் அடிப்படைத் தொழிலைப் படுக்கையறைக்குக் கொண்டுவந்தது. அதைவிட முக்கியமாக, கலைஞனின் நேரத்தை அவனுக்கே மீட்டுக் கொடுத்தது.

அந்நேரம் கலையில் என்ன செய்தது என்பதற்குச் சிறந்த சான்று அமெரிக்கப் பாடகர் புறூஸ் ஸ்பிறிங்ஸ்ரீனின் 'நெப்றாஸ்கா' தொகுதியாகும். 1982 ஜனவரியில், நியூ ஜேர்சி மாநிலத்தின் கோல்ற்ஸ் நெக் என்னும் இடத்தில், தாம் வாடகைக்கு இருந்த வீட்டில் இக்கருவியையும் இரண்டு ஒலிவாங்கிகளையும் கொண்டு அவர் சில பாடல்களைப் பதிந்தார். தமது வாத்தியக் குழுவினர் கலையகத்தில் வாசிப்பதற்கான முன்மாதிரியாகவே அப்பதிவு கருதப்பட்டது. ஆனால் குழுவினருடன் கலையகத்தில் மேற்கொண்ட முயற்சிகள் அவருக்கு நிறைவளிக்கவில்லை. இறுதியில் உறையுமின்றிச் சட்டைப் பையில் திரிந்த அந்தக் கசற்றிலிருந்தே அதே ஆண்டு செப்ரெம்பரில் இசைத்தட்டு வெளியிடப்பட்டது.

கலையகம் எதைத் தவறவிட்டது என்னும் வினாவே இங்கு விமர்சனத்தின் மையமாக அமைய வேண்டும். இத்தொகுதியில் வருவோர் வேலை இழந்தோரும், கடனில் மூழ்கியோரும், கொலை புரிந்தோருமாவர். தலைப்புப் பாடல் 1958இல் நிகழ்ந்த தொடர்கொலைகளைக் கொலைஞனின் வாய்மொழியாகவே கூறுகின்றது. 'ஜோனி 99' மாவா என்னும் ஊரில் மோட்டார்த் தொழிற்சாலை மூடப்பட்டதால் வேலை இழந்து, குற்றம் புரிந்து, 99 ஆண்டுத் தண்டனை பெறும் ஒருவனைப் பற்றியது. அவ்வூரில் இருந்த ஃபோட் தொழிற்சாலை உண்மையிலேயே 1980இல் மூடப்பட்டது. இத்தகைய மாந்தரின் கூற்றுக்கு முரசொலியும் வாத்திய முழக்கமும் சேரும்போது அது வீரகாதையின் தோற்றத்தைப் பெற்றுவிடும். வீட்டுப் பதிவிலோ நாடாவின் இரைச்சலும், தொலைவிலிருந்து வருவதுபோன்ற எதிரொலியும், கேட்பதற்கு எவருமில்லை என்ற எண்ணத்தோடு பாடும் குரலும் அவர்களைக் கைவிடப்பட்ட மனிதராகவே நிறுத்துகின்றன. மேலும், வீடு இங்கு அடைக்கலமாகவும் சித்திரிக்கப்படவில்லை. தந்தையின் வீட்டைத் தேடிச் செல்லும் மகன் அவர் அங்கு இல்லை என அறிந்து திரும்பும் பாடலும் இத்தொகுதியில் உண்டு. பதிவின் குறைபாடு என்று கருதத்தக்கது உள்ளடக்கத்தோடு இயைந்து உருவமாகிவிட்டது. வீட்டுப் பதிவு பயில்நிலையாளரின் பொழுதுபோக்கு என்போருக்கு இத்தொகுதியே தக்க மறுப்பாகும்.

எனினும் இதனை விடுதலையின் முழுமையான சான்றாகக் கொள்ள இயலாது. ஸ்பிறிங்ஸ்ரீன் 1982இல் ஏற்கெனவே புகழ்பெற்ற பாடகர். அவரது கசற்றை இசைத்தட்டாக்கிக் கடைதோறும் சேர்ப்பிக்கக் கொலம்பியா நிறுவனம் இருந்தது. ஆக்கம் வீட்டில் நிகழ்ந்தது. விநியோகம் நிறுவனத்தின் கையிலேயே இருந்தது. பெயரில்லாத ஒருவரின் கசற்றுக்கு அதே காலத்தில் என்ன நேர்ந்திருக்கும் என்பதற்கு விடை டானியல் ஜோன்ஸ்ரனின் வாழ்க்கையில் கிடைக்கின்றது.

மேற்கு வேர்ஜீனியாவில் பெற்றோரின் வீட்டு நிலவறையில், மலிவான சிறு ஒலிப்பதிவுக் கருவியொன்றின் முன் பியானோ வாசித்துப் பாடியவர் ஜோன்ஸ்ரன் (1961–2019). தொடக்கத்தில் படியெடுக்கும் வசதி இல்லாமையால், கசற் கேட்ட ஒவ்வொருவருக்காகவும் முழுத் தொகுதியையும் புதிதாகப் பாடிக் கொடுத்தார் எனக் கூறப்படும். இயந்திரப் படியாக்கம் கலைப்பொருளின் தனித்தன்மையைக் கரைத்துவிடுகின்றது என்று 1930களில் வால்ற்றர் பென்ஜமின் எழுதினார். இங்கோ இயந்திரத்தின் போதாமையால் ஒவ்வொரு படியும் மூலமாகிவிட்டது. பின்னர் ரெக்சாஸ் மாநிலத்தின் ஒஸ்ரின் நகரில் உணவுக்கடையொன்றில் பணிபுரிந்தவாறே தமது கசற்றுகளைக் கண்டவர் கையில் கொடுத்தார். ஆக்கமும் விநியோகமும் ஒருவர் கையிலேயே இருந்த அரிய நிலை இது.

ஆனால் இதனைப் புனிதப்படுத்துவது பொருந்தாது. அவர் மீண்டும் மீண்டும் பாடியது கொள்கையால் அன்று, வசதியின்மையால். 1992இல் நிர்வாணா குழுவின் கேட் கொபெய்ன் அவரது ஓவியம் பொறித்த மேற்சட்டையை அணிந்து தோன்றியதன் பின் ஜோன்ஸ்ரனின் பெயர் உலகெங்கும் பரவியது. 1994இல் பெரிய நிறுவனமொன்று அவரது தொகுதியை வெளியிட்டது. அது விலைபோகாதபோது கைவிட்டது. அவரைப் பாதித்த மனநோயையே அவரது கலையின் அடையாளமாக்கி ரசிக்கும் போக்கும் வளர்ந்தது. நடுங்கும் குரலின் பின்னால் மிகத் தேர்ந்த மெட்டமைப்பாளர் ஒருவர் உள்ளார் என்பதை அப்போக்கு மறைத்துவிட்டது. 'எளிமை', 'கள்ளமின்மை' என்னும் அடைமொழிகள் பாராட்டாகத் தோன்றினும், கலைஞனின் உழைப்பை மறுப்பனவாக அமையக்கூடும்.

உழைப்பு மறுக்கப்படும் இன்னொரு முறையை எம்.ஐ.ஏ. என அறியப்படும் மாயா அருட்பிரகாசத்தின் அனுபவம் காட்டுகின்றது. இலண்டனில் பிறந்து, யாழ்ப்பாணத்தில் வளர்ந்து, 1980களில் அகதியாக மீண்டும் இலண்டன் சென்ற இவர், முறையான இசைப்பயிற்சி பெற்றவரல்லர். தோழியிடமிருந்து பெற்ற ரோலண்ட் எம்.சி. 505 என்னும் தாளக்கருவியில், தமது இருப்பிடத்திலேயே முதற் பாடல்களை அமைத்தார். மெட்டை வளர்க்கும் பயிற்சி இல்லாத இடத்தில் குரலையே தாளமாக்கினார். சொற்கள் அறைகூவல்கள்போல் விழுந்தன. 2003இல் 'கலாங்' என்னும் பாடல் 500 இசைத்தட்டுகளாக வெளிவந்தது. 2005இல் தந்தையாரின் இயக்கப் பெயரான 'அருளர்' என்பதையே தலைப்பாகக் கொண்டு முதல் தொகுதி வெளியாயிற்று. அப்போது பாடல்கள் வேறு பல தயாரிப்பாளரின் கைகளையும் கடந்திருந்தன. அதன் விளைவாக, அத்தொகுதியின் இசைக்கான பெருமை உடன்பணியாற்றிய ஆணொருவருக்கே பத்திரிகைகளில் பெரிதும் அளிக்கப்பட்டது. 2007இல் அளித்த நேர்காணலொன்றில் அவர் இதனை வன்மையாக மறுத்துரைத்தார். படுக்கையறையில் யார் ஆக்குபவர் என்ற வினாவே எழவில்லை. நிறுவனத்தின் வாயிலைக் கடந்தவுடன், பெண்ணின் உழைப்புக்கு வேறொரு உரிமையாளர் தேடப்பட்டார்.

வீடு என்பதும் எல்லாருக்கும் ஒன்றன்று. பெண் எழுத வேண்டுமாயின் அவளுக்கெனப் பணமும் ஓர் அறையும் வேண்டும் என 1929இல் வேர்ஜீனியா வூல்ஃப் வற்புறுத்தினார். இசைக்கு அவ்வறை இன்னும் அவசியமானது; ஏனெனில் எழுத்து ஓசையற்றது. பலர் ஒரே கூரையின்கீழ் வாழும் சிறு வீட்டில், இரவுப் பணி முடித்து உறங்குவோரின் அருகில், குரலெடுத்துப் பாட எவரால் முடியும்? கருவி மலிந்துவிட்டது, ஆகவே யாவரும் சமம் என்னும் வாதம் அறையின் விலையைக் கணக்கில் எடுப்பதில்லை.

இன்று நான்கு தடங்களுக்குப் பதிலாக எண்ணற்ற தடங்களைக் கணினி தருகின்றது. பில்லி ஐலிஷ் தம் சகோதரரின் படுக்கையறையில் பதிந்த தொகுதி 2020இல் ஆண்டின் சிறந்த தொகுதிக்கான கிறாமி விருதைப் பெற்றது. எனினும் அதனை வெளியிட்டது பெருநிறுவனமே. ஆக்கத்தின் கதவு திறந்திருக்கும்போது, காவல் கேட்போரின் செவிக்குச் செல்லும் வழிக்கு இடம்மாறியுள்ளது. பன்னிரண்டு மாதங்களில் 1,000 தடவையேனும் கேட்கப்படாத பாடலுக்குப் பதிவுப் பங்கு இல்லை என்னும் விதியை ஸ்பொற்றிஃபை 2024இல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. தனித்தியங்கும் கலைஞரின் நண்பனாக 2008இல் தோன்றிய பாண்ட்காம்ப் 2022இலும் 2023இலும் அடுத்தடுத்துக் கைமாறியது. இரண்டாம் கைமாற்றத்தோடு அதன் ஊழியரில் ஏறத்தாழப் பாதிப்பேர் வேலை இழந்தனர். இம்முடிவுகள் எவற்றிலும் அங்கு பாடல்களை விற்ற கலைஞரிடம் கருத்துக் கேட்கப்படவில்லை.

ஆகவே வீட்டு ஒலிப்பதிவு கலைஞனுக்கு நேரத்தின் உரிமையை வழங்கியது. செவியின் உரிமையை வழங்கவில்லை. முதலாவதைச் சிறுமைப்படுத்துவதும், இரண்டாவதையும் பெற்றுவிட்டதாக மயங்குவதும் ஒருங்கே தவறாகும். விலை குறிக்கப்படாத நேரத்தில் பிறந்த இசை எதைச் சாதித்துள்ளது என்பதைத் துருவி ஆராய்வது விமர்சகனின் கடமை. அவ்விசை தன்னைக் கேட்போரைச் சென்றடையும் வழியை யார் வைத்திருக்கிறார் என வினவுவதும் அதே கடமையின் மறுபாதியாகும். கலைஞன் தனித்து ஆக்கலாம். ஆனால் தனித்து விடுதலை பெற முடியாது. விநியோகச் சாதனங்களும் கலைஞரதும் கேட்போரதும் கூட்டு உரிமையாகும் வரை, அறையினுள் பெற்ற சுதந்திரம் அறையின் வாயிலோடு நின்றுவிடும்.