புனிற்றுத் தாயின் துயில்: நற்றிணையில் ஈன்றோர் பேணலும் செவிலியின் இடமும்

முன்னுரை

சங்க அகப்பாடல்களில் மகப்பேறு பெரும்பாலும் ஊடலுக்குரிய பின்புலமாகவே நோக்கப்பட்டு வந்துள்ளது. தலைவி மகவு ஈன்ற காலத்தில் தலைவன் பரத்தையிற் பிரிந்தான் என்றும், புதல்வனைக் காணும் ஆவலால் மனைக்கு மீண்டான் என்றும் மருதத்திணையின் நிகழ்ச்சித் தொடர்ச்சி விளக்கப்படுகிறது. ஈன்ற பெண்ணின் உடல் எவ்வாறு பேணப்பட்டது, பேணியவர் யாவர் என்னும் வினாக்கள் போதிய கவனம் பெறவில்லை. நற்றிணை 40, 370 ஆகிய பாடல்களைப் புறநானூற்றுப் பாடல்கள் இரண்டுடன் ஒப்பிட்டு இவ்வினாக்களுக்கு விடை காண்பது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

புனிறு என்னும் சொல்

தொல்காப்பிய உரியியல் புனிறு என்னும் சொல்லுக்கு ஈன்றணிமை என்று பொருள் தருகிறது. ஈன்றதை அடுத்த குறுகிய காலத்தைத் தனியொரு நிலையாகப் பிரித்தறிந்து, அதற்கெனச் சொல் வகுத்திருப்பது நோக்கத்தக்கது. கற்பியலில் தலைவன் கூற்று நிகழும் இடங்களுள் ஒன்றாகப் புனிறு தீரும் பொழுதும், அப்போது நிகழும் நெய்யணி மயக்கமும் சுட்டப்படுகின்றன. புனிறு ‘தீர்வது’ என்னும் வழக்கு, நோய் தீர்வது என்னும் வழக்கோடு ஒத்திருக்கிறது. ஈன்றவள் மீண்டு எழ வேண்டிய நிலையில் இருப்பவள் என்னும் உணர்வு இச்சொல்லாட்சியிலேயே அடங்கியுள்ளது.

இக்கருத்து இன்றைய பேச்சுவழக்கிலும் வாழ்கிறது. பிள்ளை பெற்றவளைப் ‘பச்சை உடம்புக்காரி’ என்பர். ஆறாத புண்ணைப் ‘பச்சைப் புண்’ என்பர். இரண்டிற்கும் அடைமொழி ஒன்றே.

நற்றிணை 40 காட்டும் மனை

கோண்மா நெடுங்கோட்டனார் பாடிய நற்றிணை 40ஆம் பாடல் பரத்தை கூற்றாக அமைந்தது. காவலுடைய மனையில் நீண்ட நாவினையுடைய மணி ஒலிக்கிறது. மணல் பரப்பிய பந்தரில் பாணர் காவல் பூண்டுள்ளனர். ஒருபுறம் மகளிர் விரிச்சி கேட்டு நிற்கின்றனர். மணம் கமழும் துணி விரித்த மெல்லணையில், புனிறு நாறும் செவிலியோடு புதல்வன் உறங்குகிறான். ஐயவியாகிய வெண்சிறு கடுகு அணிந்து, நெய்யாடி, பசுநெய் பூசிய மென்மையான உடலினளாய்த் தலைவி இமை பொருந்தக் கிடக்கிறாள். அந்த நள்ளிரவில் தலைவன் கள்வனைப் போல வருகிறான். தன் தந்தையின் பெயரைத் தாங்கும் மகன் பிறந்தமையே அவன் வரவுக்குக் காரணம்.

இப்பாடலில் பேணப்படுவோர் இருவர் என்பது கருதற்குரியது. மகவுக்கு அணையும் செவிலியும் உள்ளனர். தாய்க்கு நெய்யும் ஐயவியும் உறக்கமும் உள்ளன. புதல்வன் செவிலியோடு உறங்குவதனாலேயே தலைவியின் இமைகள் பொருந்துகின்றன. ஆனால், வருகின்றவனோ தாயை நாடி வரவில்லை. பெயரனை நாடி வருகிறான். மனை முழுவதும் தாயின் துயிலைக் காத்து நிற்க, குடியின் தலைவன் மட்டும் மகவை நோக்கி வருவதே இப்பாடலின் முரண் எனலாம். கள்வன் என்னும் உவமை பரத்தையின் சினத்தால் பிறந்ததாயினும், காக்கப்படும் ஒன்று உள்ள இடத்தில்தான் கள்வனுக்கு இடமுண்டு என்பதும் உணரத்தக்கது.

உறையூர்க் கதுவாய்ச் சாத்தனார் பாடிய நற்றிணை 370இல் தலைவனே ஈன்றவளின் அருகே சென்றதை நினைவுகூர்கிறான். அங்கும் நெய்யும் ஐயவியும் உள்ளன. குடிக்கு உதவியவள் என்று அவளைக் கருதும் அவன், புதல்வனை ஈன்றதால் பெயர் மாறி முதுபெண்டாகி உறங்குகிறாயோ என்று நகையாடிக் குவளை மலரால் அவளது வயிற்றைத் தொடுகிறான். அவள் நாணி முறுவலித்துக் கண்களைக் கையால் மூடிக்கொள்கிறாள். அன்பு புலப்படும் காட்சியே இது. எனினும், அவளது துயில் இங்கு நகைக்குப் பொருளாகிவிடுகிறது.

புண்ணும் பேறும்

ஈன்ற மனையின் மணி, ஐயவி, நெய், காவல் ஆகியவை சங்கப் பாடல்களில் வேறோரிடத்திலும் ஒருங்கே வருகின்றன. அரிசில் கிழார் பாடிய புறநானூறு 281இல், போரில் புண்பட்ட கணவனைக் காக்க மனைவி தன் தோழியை அழைக்கிறாள். வேம்பு செருகுதல், ஐயவி சிதறுதல், மணி அடித்தல், காஞ்சி பாடுதல், நறும்புகை எழுப்புதல் ஆகியவை அங்குக் கூறப்படுகின்றன. வெள்ளைமாளர் பாடிய புறநானூறு 296இல் நெய் தோய்ந்த கையினர் ஐயவி புகைக்கின்றனர்.

இவ்வொற்றுமையைப் பேய்க்கு அஞ்சிய நம்பிக்கை என்று மட்டும் விளக்குவது நிறைவு தராது. போர்ப்புண் பட்டவனுக்கும் ஈன்றவளுக்கும் ஒரே வகைக் காவலை அச்சமூகம் வகுத்திருந்தது என்பதே இதனால் புலனாவது. இருவரும் குடியின்பொருட்டு உடல் வருந்தியவர்கள். இருவர் உடலும் சில நாள்களுக்கு ஆபத்தின் எல்லையில் இருப்பது. வீரனின் புண் புகழ் பெற்றது; பெண்ணின் புனிறோ பிற்காலத்தில் தீட்டு என்னும் பெயரால் அறியப்படலாயிற்று.

உலக வரலாற்றிலும் இவ்விரு பேணல்களும் அடுத்தடுத்து வருகின்றன. 1854இல் கிரிமியப் போரில் புண்பட்டோரைப் பேணச் சென்ற பிளாரன்ஸ் நைட்டிங்கேல், 1871இல் மகப்பேற்று நிலையங்களைப் பற்றி நூலொன்று வெளியிட்டார். அந்நிலையங்களில் ஈன்ற பெண்டிர் இறக்கும் விகிதம், வீடுகளில் ஈன்றோர் இறக்கும் விகிதத்தைவிட மிகுதி என்பதை அவர் புள்ளிவிவரங்களோடு எடுத்துக்காட்டினார்.

செவிலியின் உடல்

நற்றிணை 40இல் செவிலிக்கு வரும் ‘புனிறு நாறும்’ என்னும் அடை இருவகையாகப் பொருள்கொள்ள இடந்தருகிறது. தாயையும் மகவையும் இடையறாது தொட்டுப் பேணியதால் அந்நாற்றம் அவளிடம் படிந்தது எனலாம். அவளும் அண்மையில் ஈன்று, தலைவியின் மகவுக்குப் பாலூட்டுபவள் எனலுமாம். பின்னதைக் கொள்ளின் ஒரு வினா எழுகிறது: அவளது புனிறு தீரக் காவல் பூண்டவர் யார்? அவளது மகவு எவருடன் உறங்கிற்று? பாடல் இவற்றுக்கு விடை கூறவில்லை. தோழி செவிலியின் மகள் என்று களவியல் கூறுவதால், இப்பணி தலைமுறையாகத் தொடர்ந்தது என்று உய்த்துணரலாம். நெய்யாட்டும் காவலும் செல்வ மனைக்குரியனவாகவே பாடப்பட்டுள்ளன என்பதை இவ்வினா நினைவூட்டுகிறது.

இன்றைய பேணல்

செவிலி என்னும் அகமரபுச் சொல் இன்று மருத்துவமனைப் பணியாளரைக் குறிக்க வழங்குகிறது. ஆயின், அச்சொல்லோடு நற்றிணை காட்டும் பேணல் முழுமையாக வந்து சேர்ந்ததா என்பது ஆராயத்தக்கது. இந்திய அரசு 2011இல் தொடங்கிய வீடுசார் பேணல் திட்டத்தின்படி, மருத்துவமனையில் மகவு பிறந்தால் ‘ஆஷா’ பணியாளர் 3, 7, 14, 21, 28, 42ஆம் நாள்களில் வீட்டுக்குச் சென்று பார்க்க வேண்டும். தாயின் நலம் வினவுவதும் அப்பணியில் அடங்கும். எனினும், திட்டத்தின் பெயர் பச்சிளங்குழந்தையை மட்டுமே சுட்டுகிறது. பேற்றுக்குப் பிந்தைய குருதிப்போக்கு தாய் இறப்பின் முதன்மைக் காரணங்களுள் ஒன்றாக இருக்கும் நிலையில் இப்பெயரீடு சிந்தனைக்குரியது. உலக நலவாழ்வு அமைப்பின் 2022ஆம் ஆண்டு வழிகாட்டுதல், மருத்துவமனையில் ஈன்ற தாயும் மகவும் குறைந்தது 24 மணி நேரம் அங்கே தங்க வேண்டும் என்றும், ஆறு வாரத்திற்குள் இருவரையும் மேலும் மூன்று முறையேனும் பார்க்க வேண்டும் என்றும் கூறுகிறது.

தாய்வீடு இப்பேணலின் மரபான களமாக இருந்து வந்துள்ளது. ஐதராபாத்தில் முன்னாள் படைவீரர்களின் குடியிருப்பாக உருவான சைனிக்புரி போன்ற பகுதிகளில், சொந்த ஊரை விட்டுப் பெயர்ந்து வாழும் குடும்பங்களுக்குத் தாய்வீடு தொலைவில் உள்ளது. பந்தரும் பாணரும் இல்லாத அத்தகைய வீடுகளில் செவிலியரின் வருகையே காவலாக அமைய வேண்டியுள்ளது. ஆனால், அக்காவலை மேற்கொள்ளும் ஆஷா பணியாளர் தன்னார்வலர் என்றே வகைப்படுத்தப்பட்டு ஊக்கத்தொகை பெறுகின்றனர். 2017இல் மகப்பேற்று விடுப்பை 26 வாரமாக உயர்த்திய சட்டத்திருத்தத்தின் பயன் அவர்களை எட்டவில்லை. செவிலியின் புனிற்றைக் காப்பவர் யார் என்ற வினா இன்றும் விடையின்றியே நிற்கிறது.

மரபு முழுவதும் மீட்கத்தக்கது என்று இதனால் கொள்ளலாகாது. பச்சிளங்குழந்தை இருக்கும் அறையில் புகையிடுதல், சீம்பாலைப் பீய்ச்சி நீக்கிவிட்டுச் சேனை வைத்தல், ஈன்றவளுக்கு நீரையும் உணவையும் அளவுக்கு மீறிக் குறைத்தல் ஆகியவை தீங்கு தருவன. பிறந்த ஒரு மணி நேரத்திற்குள் தாய்ப்பால் ஊட்டுவதும் மகவைத் தாயின் அருகே வைத்திருப்பதும் இன்றைய மருத்துவத்தின் தெளிவான முடிவுகள். கொள்ளத்தக்கது ஐயவியன்று, ஈன்றவள் அச்சமின்றித் துயில்வதற்குப் பிறர் விழித்திருக்க வேண்டும் என்னும் கடப்பாடே கொள்ளத்தக்கது.

முடிவுரை

நற்றிணைப் பாடல்கள் புனிற்றுக் காலத்தைத் தாய், மகவு ஆகிய இருவருக்கும் உரிய பேணற்காலமாகக் காட்டுகின்றன. புறநானூற்றோடு ஒப்பிடும்போது, ஈன்றவள் புண்பட்ட வீரனுக்கு நிகராகக் காக்கப்பட்டமை தெளிவாகிறது. பேணியவளின் உடலைப் பற்றி அப்பாடல்கள் கொண்ட மௌனமும் அவற்றின் சமூகச் சான்றேயாகும். செவிலி என்னும் சொல்லை ஏற்றுக்கொண்ட இக்காலம், தாயின் துயிலையும் செவிலியின் நலத்தையும் காக்கும் பொறுப்பை ஏற்கும்போதுதான் அச்சொல் முழுப்பொருள் பெறும்.