துல்லியத்தின் மறைவில்

1950இல் வெளிவந்த ‘பெர்லினின் வீழ்ச்சி’ என்ற சோவியத் படத்தின் முடிவில், ஸ்டாலின் வெள்ளைச் சீருடையில் பெர்லினில் வந்து இறங்குகிறார். விமானத்தைச் சூழ்ந்து பல நாட்டு மக்கள் ஆர்ப்பரிக்கிறார்கள். அப்படி ஒன்று நடக்கவே இல்லை. 1945 ஜூலையில் போட்ஸ்டாம் மாநாட்டுக்கு அவர் ரயிலில்தான் போனார். இந்தப் பச்சைப் பொய்யால் இன்று யாரும் ஏமாறப் போவதில்லை. என் கவலை, நம்பத் தகுந்தது என்று உலகமே ஒப்புக்கொண்ட ஒரு படத்தைப் பற்றியது.

ஆலிவர் ஹிர்ஷ்பீகல் இயக்கிய ‘வீழ்ச்சி’ (‘டெர் உன்டர்காங்’) 2004இல் வந்தது. ஹிட்லரின் கடைசி நாட்களை, பெர்லின் பதுங்கு அறைக்குள்ளிருந்து சொல்லும் ஜெர்மன் படம். ஹிட்லராக நடித்த புரூனோ கான்ஸின் உழைப்பு அசாதாரணமானது. மேடையில் முழங்கும் ஹிட்லரின் குரல் நமக்குத் தெரியும். அறைக்குள் அவர் எப்படிப் பேசியிருப்பார்? 1942 ஜூனில் பின்லாந்துத் தளபதி மானர்ஹெய்மைச் சந்திக்கச் சென்றபோது அவர் இயல்பாகப் பேசியதை ஒலிப்பதிவாளர் ஒருவர் ரகசியமாகப் பதிவு செய்திருந்தார். சுமார் பதினோரு நிமிடம். அந்தத் தணிந்த குரலைக் கேட்டுக் கேட்டே கான்ஸ் தன் குரலை அமைத்துக்கொண்டார். முதுகுக்குப் பின்னால் நடுங்கும் கைக்காக நடுக்குவாத நோயாளிகளைக் கவனித்தார். செயலாளரிடம் கனிவாகவும் நாயிடம் பாசமாகவும் இருப்பவர், அடுத்த கணம் தன் மக்களே அழிந்துபோகட்டும் என்கிறார். கொடுமையைச் செய்தது ஏதோ பூதமல்ல, மனிதன்தான் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டிய படத்தை நான் பார்த்ததில்லை.

இன்னொரு நேர்மையும் இதில் உண்டு. எத்தனையோ சாவுகளைக் காட்டும் படம், ஹிட்லரின் சாவை மட்டும் மூடிய கதவுக்குப் பின்னால் மறைத்துவிட்டதே என்று இயக்குநர் விம் வெண்டர்ஸ் கடுமையாகக் கண்டித்தார். இதில் நான் படத்தின் பக்கம். அந்த அறைக்குள் இருந்த ஹிட்லர், அவர் மனைவி இருவரும் இறந்துபோனார்கள். மற்றவர்கள் கதவைத் திறந்தபோது கண்டதுதான் நமக்குச் சான்று. சான்று நின்ற இடத்திலேயே கேமராவும் நின்றது.

ஆனால் இந்தக் கட்டுப்பாட்டைப் படம் எல்லா இடத்திலும் காக்கவில்லை. ஏப்ரல் 23 அன்று விடைபெற வரும் ஆயுதத் துறை அமைச்சர் ஆல்பர்ட் ஸ்பேர், எல்லாவற்றையும் அழித்துவிடச் சொன்ன உங்கள் ஆணையை நான் மீறினேன் என்று ஹிட்லரிடமே ஒப்புக்கொள்கிறார். நெஞ்சைத் தொடும் காட்சி. இதற்குச் சாட்சி யார்? ஸ்பேர் மட்டும்தான். 1969இல் வெளியிட்ட நினைவுக்குறிப்பில் அவர் சொன்னதை வரலாற்றாசிரியர்கள் பலர் ஐயுறுகிறார்கள். படத்துக்கு அடிப்படையான நூல்களில் ஒன்றை எழுதியவர் யோவாகிம் ஃபெஸ்ட். ஸ்பேர் தன் நினைவுக்குறிப்பை எழுதியபோது பதிப்பகத்தின் சார்பில் கூட இருந்து உதவியவரும் அதே ஃபெஸ்ட்தான். தன்னை நல்லவனாகக் காட்டிக்கொள்ள ஒரு குற்றவாளி சொன்ன கதை, வரலாற்றாசிரியர் கையால் மெருகேறி, கடைசியில் திரைக்கும் வந்துவிட்டது. சீருடையின் பொத்தான்வரை சரியாக இருக்கும் படத்தில் வருவதால் பார்வையாளர் இதையும் சேர்த்தே நம்புகிறார்.

மருத்துவர் எர்ன்ஸ்ட்-குந்தர் ஷெங்க் விஷயம் இதைவிட மோசம். கைவிடப்பட்ட நோயாளிகளைத் தேடிப் போகிற, சண்டையின் நடுவே அறுவைசிகிச்சைக்கு உதவுகிற மனசாட்சியுள்ள மனிதராகப் படம் அவரைக் காட்டுகிறது. அந்நாட்களில் அவர் காயம்பட்டவர்களுக்குச் சிகிச்சை அளித்தது உண்மையே. ஆனால் அதே ஷெங்க், எஸ்.எஸ். அமைப்பின் உணவுத் துறையில் பொறுப்பிலிருந்தவர். மவுத்ஹவுசன் வதைமுகாமில் கைதிகள்மீது நடந்த உணவுச் சோதனைகளில் அவருக்குப் பங்கு உண்டு. படத்தில் இதைப் பற்றி ஒரு சொல் இல்லை. பொதுமக்களின் உயிருக்காக வாதாடும் தளபதி மோன்கேமீது, 1940இல் பிரிட்டிஷ் போர்க்கைதிகள் கொல்லப்பட்டது தொடர்பாகக் குற்றச்சாட்டு இருந்ததும் (வழக்கு தொடரப்படவில்லை) படத்தில் இல்லை.

படத்தின் எல்லை பன்னிரண்டு நாட்களும் ஒரு பதுங்கு அறையும்தான், அதில் எல்லாவற்றையும் அடைக்க முடியாது என்று ஆதரவாளர்கள் சொல்வார்கள். எல்லை வகுக்கக் கலைஞனுக்கு உரிமை உண்டு. ஆயினும் படத்தின் முடிவில், ஒவ்வொருவரும் பின்னர் என்ன ஆனார் என்று எழுத்துகள் வருகின்றன. பன்னிரண்டு நாள் எல்லையை அங்கே படமே தாண்டிவிடுகிறது. பின்னால் நடந்ததைச் சொல்ல இடம் இருந்தது; முன்னால் செய்ததைச் சொல்லத்தான் மனம் வரவில்லை.

செயலாளர் டிராவ்டல் யூங்கே ஒரு சிறுவனோடு வெயிலில் சைக்கிளில் போகும் இறுதிக் காட்சியும் கற்பனை. உண்மையில் அவர் பிறகு சோவியத் காவலில் இருந்தார். அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது, அந்தக் காட்சியைத் தொடர்ந்து முதிய யூங்கே தாமே பேசும் ஆவணப்படத் துண்டு. மியூனிக்கில், ஹிட்லர் ஆட்சியை எதிர்த்த மாணவி சோஃபி ஷோலின் நினைவுப் பலகையைக் கண்டபோது, அவளும் தன் வயதுக்காரி என்று உணர்ந்ததாகவும், இளமை ஒரு சாக்கு ஆகாது என்று அப்போது புரிந்ததாகவும் சொல்கிறார். யூங்கே 1920இல் பிறந்தவர், சோஃபி 1921இல். அந்த ஓராண்டு பெரிதல்ல. சோஃபி சேர்ந்திருந்த ‘வெள்ளை ரோஜா’ குழு, போலந்தில் மூன்று லட்சம் யூதர்கள் கொல்லப்பட்டதைத் துண்டறிக்கையில் அச்சிட்டது 1942 கோடையில். யூங்கே ஹிட்லரிடம் வேலைக்குச் சேர்ந்தது அதே ஆண்டின் இறுதியில். மியூனிக் மாணவர்களுக்கு எட்டிய செய்தி ஹிட்லரின் அலுவலக அறைக்கு எட்டவில்லையா என்ற கேள்வியைப் படத்தின் கதைப்பகுதி எந்த இடத்திலும் எழுப்பவில்லை.